மதிவதனிக்கு என்ன வேணும்?

"அப்பா, மதிவதனி வேண்டாம்னு சொல்லிட்டாப்பா!"

சுடர்விழி போனில் போட்ட சத்தத்தில் குத்தாலம் பஸ் ஸ்டாண்டில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். மறுமுனையில் அவள் அப்பா அண்ணாதுரை, கதிர் அறுக்கிற மெஷினை வரப்போரம் நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா மதிவதனி? மாப்பிள்ளையைப் பிடிக்கலேன்னுட்டாளா?"

"ஐயோ, அவளுக்குப் பதினோரு வயசுப்பா. என் கிளாஸ் புள்ள. சாம்பார் சாதம் வேண்டாம்னுட்டா!"

அண்ணாதுரை டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "நம்ம வீட்ல நீ தினம் சொன்னதுதானே அது? அதுக்கா இவ்வளவு சந்தோஷம்?"

சுடர்விழிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தவள் பக்கத்து சீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுவோமா என்று நினைத்தாள். சொன்னால் இறங்குகிற இடம் வரை விளக்க வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

விளக்குவது அவ்வளவு சுலபமில்லைதான். சுடர்விழியின் தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் நடவும் அறுப்புமாக இருந்த குடும்பம் அது. அண்ணாதுரையும் அரிவாள் பிடித்தவர்தான். மெஷின் வந்து அரிவாளுக்கு வேலையில்லாமல் போனபோது, திட்டிக்கொண்டு உட்காராமல் அந்த மெஷினையே ஓட்டக் கற்றுக்கொண்டார். மகளை நர்ஸாக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மார்க் பற்றவில்லை. தாவரவியல் படித்தாள். பி.எட். சேரப் போனபோது சிறப்புக் கல்விப் பிரிவில் மட்டும்தான் இடம் இருந்தது. என்ன ஏதென்று தெரியாமலே சேர்ந்தாள்.

வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காகக் குத்தாலத்துக்குச் சற்றுத் தள்ளி நடந்துவந்த பகல்நேர மையத்தில் வேலை கிடைத்தது. முதல் நாள் ஒரு பிள்ளை அவள் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசியது. இன்னொன்று மடியில் ஒண்ணுக்குப் போனது. மறுநாள் வரக் கூடாது என்றுதான் பையைத் தோளில் மாட்டினாள். அப்போது இளம்பரிதி வந்து எதிரே நின்றான். டவுன் சிண்ட்ரோம் உள்ள பையன், வட்ட முகம். சட்டையின் மேல் பட்டனைக் காட்டினான். அவனே போட்டுக்கொண்டது. எத்தனையோ மாதமாக வராத பட்டன் அன்றைக்கு வந்துவிட்டது என்று ஆயாம்மா ஓடிவந்து சொன்னார். மொத்த மையமும் கூடிக் கைதட்டியது. சுடர்விழியும் தட்டினாள். ஏன் இப்படி உடம்பு புல்லரிக்கிறது என்று அவளுக்கே புரியவில்லை. மறுநாள் முதல் ஆளாக வந்து நின்றாள்.

மதிவதனி வந்தது போன ஆனி மாதம். ஆட்டிசம். பேச்சு இல்லை. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். கிட்டே யார் வந்தாலும் கடிப்பாள். வகுப்பு மணல் தொட்டியில் விட்டால் மட்டும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை. அம்மா தங்கமணி வீட்டில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பவர். அவர் இரண்டு முன்கையிலும் பல் பட்ட தழும்புகள் இருந்தன. "என்னைக் கடிச்சா பரவால்ல டீச்சர், மத்தவங்களைக் கடிக்கறப்பதான் எனக்கு உசுரே போவுது" என்றார், சேர்க்க வந்த அன்று.

பேசாத பிள்ளைகளுக்குப் படக் கார்டு கொடுத்துப் பழக்குவது வழக்கம். இடுப்பில் ஒரு பட்டை. அதில் கார்டுகள் வெல்க்ரோவில் ஒட்டியிருக்கும். சாப்பாடு, தண்ணி, பாத்ரூம், ஊஞ்சல், வீடு, பச்சை நிறத்தில் ஒரு 'வேணும்'. எது வேண்டுமோ அந்தக் கார்டைப் பிய்த்துக் கையில் கொடுக்க வேண்டும். மதிவதனி மொத்தப் பட்டையையும் கழற்றி வீசினாள். மார்கழி வரை வீசினாள்.

ஒரு மத்தியானம் சாதம் ஊட்டப் போன சுடர்விழிக்கு மணிக்கட்டில் நல்ல கடி விழுந்தது. குழாயடியில் கழுவிக்கொண்டே பல் தடத்தைப் பார்த்தாள். சட்டென்று ஒன்று உறைத்தது. இந்தப் பட்டையில் இருக்கிற கார்டு எல்லாமே கேட்பதற்குத்தான். மறுக்க ஒரு கார்டு எங்கே? எனக்குப் பிடிக்கவில்லை, எடு என்று சொல்ல அந்தப் பிள்ளைக்குப் பல்லைத் தவிர வேறு என்ன கொடுத்திருக்கிறோம்?

ஈரக் கையோடு ஓடிப்போய் சிவப்பு அட்டை ஒன்றை வெட்டினாள். நிறுத்து என்று காட்டுகிற உள்ளங்கையை வரைந்தாள். கீழே 'வேண்டாம்' என்று எழுதி லேமினேட் பண்ணினாள். அன்றிலிருந்து மதிவதனியின் தாடை இறுகுகிற நொடியில் அந்தக் கார்டை அவள் விரலில் வைத்து, தானே வாங்கிக்கொண்டு, எது பிடிக்கவில்லையோ அதை உடனே எடுத்துவிடுவாள். பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரத்தில், சாம்பார் சாதத் தட்டு எதிரே வந்தபோது, 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். மதிவதனி தானாகவே சிவப்புக் கார்டைப் பிய்த்து நீட்டிக்கொண்டிருந்தாள். சுடர்விழி தட்டைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றி ஒரு ஆட்டம் ஆடினாள். அதைத்தான் அப்பாவிடம் போனில் கத்தினாள்.

அதற்குப் பிறகு நாள் முழுக்க சர்ர் சர்ர்தான். பாட்டு வேண்டாம். மணி கோப்பது வேண்டாம். தலை பின்னுவது வேண்டாம். சுடர்விழியே வேண்டாம் என்று ஒரு நாள். மையத்தின் தலைமை ஆசிரியை விஜயலட்சுமிக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"எல்லாத்துக்கும் வேண்டாம்னா அப்புறம் எதைத்தான் சொல்லிக்குடுப்ப சுடர்?"

"இத்தனை வருஷம் சொல்ல முடியாததையெல்லாம் இப்பச் சேத்துச் சொல்றா மேடம். கொஞ்சம் சொல்லி முடிக்கட்டும்."

முடிவாகச் சாட்சி சொன்னது தங்கமணிதான். வீட்டுக்கு வந்த நாத்தனார் மதிவதனியின் கன்னத்தைப் பிடித்து உலுக்கினாராம். பிள்ளை கடிக்கப் போகிறாள் என்று தங்கமணி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தால், நாத்தனார் கையில் சிவப்புக் கார்டு இருக்கிறது. "அவங்க, 'என்னடி இது?'ன்னாங்க டீச்சர். 'கையை எடுங்க அண்ணி, புள்ளைக்குப் பிடிக்கலயாம்'னு சொன்னேன். எடுத்துட்டாங்க!" சொல்லும்போதே தங்கமணிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. அந்த வாரம் மதிவதனி யாரையும் கடிக்கவில்லை. அடுத்த வாரமும்.

பிறகுதான் ஜன்னல் விஷயம் தொடங்கியது.

மதிவதனி சுடர்விழியின் துப்பட்டாவைப் பிடித்து, பின்பக்க ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போவாள். கம்பியைப் பிடித்து ஆடுவாள். எதையோ கேட்கிறாள். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இப்போது ஏதோ வேண்டும்! சுடர்விழிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணி? சர்ர். ஊஞ்சல்? சர்ர். வெளியில் போகணுமா? கதவைத் திறந்தால் அதற்கும் சிவப்புக் கார்டு.

இரண்டு நாளில் மையம் முழுக்க இதே பேச்சானது. ஜன்னலில் உட்காருகிற காக்காதான் என்று ஆயாம்மா சொன்னார். வேன் ஓட்டுகிறவர் தென்னை மரம் என்றார். இளம்பரிதி தன்னுடைய பொம்மைக் காரைக் கொண்டுவந்து நீட்டினான். மதிவதனி அவனுக்கும் ஒரு வேண்டாம் கொடுத்தாள். அவன் அதைப் பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டு எல்லோரிடமும் காட்டினான்.

ஜன்னலுக்கு வெளியே வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் துரைராசு என்பவரின் வயல், சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. சுடர்விழி போனை எடுத்து ஜன்னலிலிருந்து தெரிந்ததையெல்லாம் படம் பிடித்தாள். காக்கா, தென்னை, டிரான்ஸ்ஃபார்மர், கொக்கு, வேலியோரம் நின்ற டிராக்டர், டிரெய்லருக்குப் பக்கத்தில் வந்து நின்ற அறுப்பு மெஷின். அதை ஓட்டிக்கொண்டிருந்தது அவள் அப்பாவேதான். ஆபீஸில் கலர் பிரிண்ட் எடுத்து, கார்டுகளாக வெட்டி, தரையில் வரிசையாக வைத்தாள்.

மதிவதனி குனிந்தாள். கொக்கைத் தாண்டினாள், டிராக்டரைத் தாண்டினாள். மெஷின் படத்தை எடுத்தாள். அதோடு நிற்கவில்லை. இடுப்புப் பட்டையில் இதுவரை தொட்டே பார்க்காத பச்சை நிற 'வேணும்' கார்டைச் சர்ரென்று பிய்த்தாள். இரண்டையும் சேர்த்து சுடர்விழியின் கையில் வைத்து அழுத்தினாள்.

இரண்டு கார்டு. ஒரு முழு வாக்கியம். சுடர்விழி செருப்புப் போடாமல் வராந்தாவில் ஓடினாள்.

"மெஷின் வேணுமாம் மேடம்! கேட்டுட்டா!"

விஜயலட்சுமி எழுந்தே நின்றுவிட்டார். உடனே உட்கார்ந்தும் விட்டார். "அதுக்கு? அந்த மெஷின்கிட்ட பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறதா? கத்தி சுத்துற வண்டிம்மா அது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"வேணும்னா கேளுன்னு நாமதானே மேடம் சொல்லிக்குடுத்தோம்? முதமுதலா கேட்டிருக்கா. நாம முடியாதுன்னா, அப்புறம் அவ எதுக்கு அந்தக் கார்டைத் தொடணும்?"

விஜயலட்சுமி பேனாவை மூடித் திறந்தார். "பெத்தவங்ககிட்ட எல்லாம் சம்மதம் வாங்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஆள் கூட இருக்கணும். நானும் வருவேன்."

துரைராசுவைப் பார்க்கப் போனபோது அவர், "அண்ணாதுரை மகளா நீ? வா வா" என்று கதவைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டதும், "ஒரு புள்ளைக்கு மட்டும் காட்டினா மத்ததெல்லாம் ஏங்கிப் போயிடாது? எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. கடைசித் துண்டை சனிக்கிழமைக்கு வச்சிக்கச் சொல்றேன்" என்றார்.

பயந்தது அண்ணாதுரைதான். மகள் டீச்சர் என்று ஊரில் சொல்லிக்கொள்வாரே தவிர, அவள் பள்ளிக்கூடத்துப் பக்கம் அவர் வந்ததில்லை. அந்தப் பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெஷினைக் கழுவினார். சனிக்கிழமை காலையில் இன்னொரு தரம் கழுவினார். டிரைவர் உட்காருகிற மேடையில் ஒரு ஸ்டூலைக் கயிறு போட்டுக் கட்டினார். தானே உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார்.

"கடிக்குமா சுடரு?"

"பிடிக்கலேன்னா கார்டு குடுப்பாப்பா. குடுத்தா உடனே நிறுத்திடணும். அவ்வளவுதான்."

சனிக்கிழமை. பிள்ளைகள் தொப்பி போட்டுக்கொண்டு, ஒரு நீளக் கயிற்றைப் பிடித்தபடி வரிசையாக வயலுக்கு நடந்தார்கள். முன்னால் இளம்பரிதி, பின்னால் விஜயலட்சுமி. அறுத்த நெல்லின் தாள் காலில் குத்தியதற்கு இரண்டு பேர் அழுதார்கள். நண்டு வளையைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினார்கள்.

மதிவதனிக்குத்தான் முதல் சவாரி. சுடர்விழி அவளை அணைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிள்ளை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தது. அண்ணாதுரை கத்தியை மேலே தூக்கி ஓடாமல் வைத்து, அறுத்த தரையில் மெல்ல உருட்டினார். ஓரத்தில் நின்ற எல்லோரும் கைதட்டினார்கள். பாதி சுற்றுக்கூடப் போயிருக்காது. சர்ர்ர்.

மதிவதனி சிவப்புக் கார்டை நீட்டியது சுடர்விழியிடம் இல்லை, அண்ணாதுரையிடம். அவர் கார்டைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். மறுபேச்சு இல்லாமல் இன்ஜினை அணைத்துவிட்டார்.

"இறக்கிவிடும்மா. புள்ள வேண்டாங்குது."

சுடர்விழிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இத்தனை பேரை இழுத்துக்கொண்டு வந்து, தப்பாகப் புரிந்துகொண்டோமா? விஜயலட்சுமி தொப்பியைச் சரிசெய்தார். மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறிச் சுற்றினார்கள். இளம்பரிதி தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே போனான். மதிவதனி பூவரச மர நிழலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

எல்லோரையும் மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, அண்ணாதுரை மிச்சமிருந்த துண்டை அறுத்து முடித்தார். மெஷினின் தொட்டி நிறைந்தது. வழக்கம்போல வேலியோரம் நின்ற டிரெய்லருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். மெஷினின் நீளக் குழாய் டிரெய்லருக்கு மேலே திரும்பியது. நெல் கொட்ட ஆரம்பித்தது.

மதிவதனி எழுந்தாள்.

முதலில் நடந்தாள். அப்புறம் ஓடினாள். "மதி! மதி!" என்று சுடர்விழி பின்னாலேயே ஓடினாள். அண்ணாதுரை பார்த்துவிட்டுச் சட்டென்று கொட்டுவதை நிறுத்தினார். மதிவதனி டிரெய்லரின் பக்கப் பலகையைப் பட் பட்டென்று அறைந்தாள். அறைவதற்காகக் கையைக் காதிலிருந்து எடுத்திருந்தாள்! குழாயைப் பார்த்தாள். பச்சைக் கார்டைப் பிய்த்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

சுடர்விழி பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாள். மெஷின், டிரெய்லர், இரண்டுக்கும் நடுவில் மஞ்சளாக ஒரு கோடு. படம் பிடித்த அவளே அந்தக் கோட்டைக் கவனித்திருக்கவில்லை. வகுப்பில் மணல் தொட்டியில் கையால் அள்ளி அள்ளி ஒழுகவிட்டுக்கொண்டிருப்பாளே இந்தப் பிள்ளை! தொட்டி நிறைந்து மெஷின் வேலியோரம் வருகிறபோதெல்லாம்தானே ஜன்னலுக்கு இழுத்தாள்!

"மேடம்! மெஷின் இல்ல மேடம்! நெல்லு! நெல்லு கொட்டுறது!"

விஜயலட்சுமி வயதை மறந்து ஓடிவந்தார். சுடர்விழி துரைராசுவைப் பார்த்தாள். அவர் அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். "செருப்பை மட்டும் கழட்டிட்டு ஏறுங்க" என்றார். "அண்ணாதுரை, மெதுவா விடப்பா!"

டிரெய்லரின் ஒரு மூலையில் சுடர்விழியும் மதிவதனியும் கணுக்கால் அளவு நெல்லில் நின்றார்கள். குழாயின் வாய் அவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில். அண்ணாதுரை திறப்பைக் கொஞ்சமாகத் திறந்தார். குழாயிலிருந்து சன்னமாக நெல் இறங்கியது. மதிவதனி இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினாள். நெல் கையில் விழுந்து, விரலிடுக்கில் வழிந்து, பாதத்தை மூடியது. அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இதுவரை யாரும் கேட்டிராத சத்தம். சிரிப்புதான் அது என்று புரிய எல்லோருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வரப்பில் நின்றவர்கள் போட்ட கூச்சலில் கொக்குக் கூட்டம் எழுந்து பறந்தது.

நெல் நின்றால் பச்சைக் கார்டு. அண்ணாதுரை மறுபடி திறப்பார். நின்றால் மறுபடி கார்டு. கார்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு தரமும் "சரிங்கம்மா" என்றார் அவர், மேலதிகாரியிடம் பேசுகிறவர் போல. பிறகு மற்ற பிள்ளைகளும் இரண்டிரண்டு பேராக ஏறினார்கள். ஒருவன் நெல்லில் படுத்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றான். நடக்க முடியாத ஒரு பெண்ணைத் துரைராசுவே தூக்கி உட்காரவைத்து, அவள் காலை நெல்லால் மூடினார்.

மதிவதனி இன்றுவரை பேசவில்லை. பேசுவாள் என்று சுடர்விழி யாருக்கும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. ஆனால் கேட்கிறாள். பட்டையில் இடம் போதாமல் இப்போது தோளில் ஒரு பை தொங்குகிறது. அப்பா, பரோட்டா, மழை, சும்மா விடு என்று எல்லாவற்றுக்கும் அதில் கார்டு உண்டு. மையத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் கார்டு இப்போது வேண்டாம்தான். விஜயலட்சுமியே உட்கார்ந்து வெட்டினார்.

அந்தச் சனிக்கிழமைக் கதைதான் இன்னும் முடியவில்லை. நெல்லில் ஆடிய சந்தோஷத்தில் எல்லோரும் ஒன்றை மறந்துபோனார்கள். சுணை! புது நெல்லின் தூசி பட்டால் உடம்பு என்ன அரிப்பு அரிக்கும் என்பது தெரியாதவரா அண்ணாதுரை? அவருக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதற்குள் இளம்பரிதி முதுகை மரத்தில் தேய்க்க ஆரம்பித்துவிட்டான். ஒவ்வொருவராகக் கையை, கழுத்தை, வயிற்றைச் சொறிந்தார்கள். விஜயலட்சுமி மேடம் கஞ்சி போட்ட காட்டன் புடவையோடு முழங்கையைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டு நின்றார்.

"மோட்டாரைப் போடுங்கண்ணே!" என்று அண்ணாதுரை கத்தினார்.

துரைராசு ஓடினார். போர் செட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் வந்து விழுந்தது. யூனிஃபார்மோடு, தொப்பியோடு, கயிற்றைப் பிடித்த வரிசை அப்படியே தண்ணீருக்குள் போனது. ஆயாம்மா ஒவ்வொரு தலையாகத் தேய்த்தார். "போதும் போதும், சளி பிடிச்சுக்கும்" என்று விஜயலட்சுமி சொல்லிக்கொண்டே இருந்தார். சொன்னவர் கரையேறவில்லை.

மாலையில் பிள்ளையைக் கூட்டிப்போக ஸ்கூட்டியில் வந்த தங்கமணி, மையம் இன்னும் காலியாகவே கிடப்பதைப் பார்த்துப் பதறி வயலுக்கு ஓடிவந்தார். தொட்டியோரம் வந்து நின்றார். சுடர்விழி நனைந்த தலையோடு ஓடிவந்து, மூச்சு வாங்க நடந்ததையெல்லாம் சொன்னாள். நெல், குழாய், சிரிப்பு.

"சிரிச்சாளா? சத்தமாவா?"

"வயலுக்கே கேட்டுச்சுக்கா!"

தங்கமணி போனை எடுத்தார். சிங்கப்பூருக்கு வீடியோ போட்டார். மறுமுனையில் ஹெல்மெட் போட்ட முகம் தெரிந்தது. "இங்க பாருங்க, உங்க பொண்ணு..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள், தொட்டியிலிருந்து ஈரக் கை ஒன்று நீண்டு அவர் புடவைத் தலைப்பைப் பிடித்தது. மதிவதனி அம்மாவை இழுத்தாள். விடவில்லை.

"ஏய் ஏய், இருடி, போனு! டீச்சர், போனைப் பிடிங்க, போனைப் பிடிங்க!"

சுடர்விழி போனைப் பிடித்தாள். தங்கமணி கட்டிய புடவையோடு தண்ணீரில் விழுந்தார். சிங்கப்பூரில் ஒருவர் "என்னாச்சு? என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போனைத் தண்ணீர் படாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுடர்விழி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.